ஃபிளை கட்டக் கற்றுக்கொள்ள: சிங்கப்பூரில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஈசூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு சின்ன இடுக்கி எப்போதும் மாட்டியே இருக்கும். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து, மீன் பிடிப்பதற்கான ஃபிளை கட்டுவது பல வருடப் பழக்கம். பார்த்தவர்கள் கேட்கிறார்கள், கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை.

ஃபிளை என்றால் ஈயைப் பிடித்து முள்ளில் குத்துவதா?

இல்லை. உயிருள்ள எதுவும் இதில் கிடையாது. வெறும் முள்ளின் மேல் இறகு, முடி, பளபளக்கும் இழை ஆகியவற்றை நூலால் கட்டி, பூச்சி மாதிரியோ இறால் மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ தெரியவைப்பதுதான் ஃபிளை. பெயரில்தான் ஈ இருக்கிறது. நான் கட்டுவதில் பெரும்பாலானவை குட்டி மீன்கள்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே அப்படி இல்லை. ஃபிளைக்கு எடையே இல்லை என்று சொல்லிவிடலாம். கனமான, தடித்த லைனைப் பின்னும் முன்னும் வீசுகிறோம், அந்த லைன்தான் ஃபிளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கிறது. அதனால் நாம் கட்டும் பொருள் எவ்வளவு தண்ணீர் குடிக்கும், காற்றில் எவ்வளவு தடுக்கும் என்பதெல்லாம் கட்டும்போதே யோசிக்க வேண்டியவை.

இது புதிதாக வந்ததும் இல்லை. கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஆற்றங்கரைக்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை வைத்துக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்று நான் செய்வதும் கிட்டத்தட்ட அதேதான்.

ட்ரௌட் மீனே இல்லாத ஊரில் இதைக் கற்று என்ன செய்வது?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். படங்களில் பார்ப்பதெல்லாம் குளிர்நாட்டு ஆறுகளும் ட்ரௌட்டும்தான், அதனால் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் நம் நீர்த்தேக்கங்களில் பீக்காக் பாஸ் இருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன், வாலில் மயில் தோகைக் கண் போல ஒரு பொட்டு. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் என்பதால் பகலில்தான் சுறுசுறுப்பு. குட்டி மீன் போல ஒன்று கண்முன்னே தப்பி ஓடினால் விரட்டிக்கொண்டு வரும். ஃபிளைக்கு இதைவிட நல்ல மீன் வேண்டுமா? அப்புறம் தோமன். நம்ம ஊர் விராலின் பெரிய அண்ணன். திலாப்பியா எங்கும் உண்டு. உப்பு நீர்ப் பக்கம் போனால் கொடுவா.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே நீர்த்தேக்கங்களில் தண்ணீர் அசுத்தமாகாமல் இருக்க, புழு, இறால் போன்ற இரைகளைப் போடக்கூடாது. செயற்கை இரை மட்டும்தான். நாம் கட்டும் ஃபிளை அந்த விதிக்குள் தானாகவே வந்துவிடுகிறது.

ட்ரௌட்டுக்கான சின்னஞ்சிறு ஃபிளைகளை முதல் நாளே கட்ட உட்காராதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதும் இதனால்தான். வெளிநாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அரிசி நீளம்கூட இல்லாத முள்ளில் கொசுவைக் கட்டிப் பழகிக் கண் வலித்து விட்டுவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணீரில் என்ன மீன் இருக்கிறதோ, அது எதைத் தின்கிறதோ, அதைக் கட்டுங்கள். கட்டிய வாரமே போட்டுப் பாருங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி, அதாவது வைஸ். நூல் சுருளைத் தாங்கி, மெல்லிய குழாய் வழியாக நூலை விடும் பாபின் (தையல் மெஷின் பாபின் வேறு, இது கையில் பிடிப்பது). நுனி கூர்மையான சின்னக் கத்தரி. ஒரு கனத்த ஊசி. இந்த நான்கும் போதும்.

கத்தரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நுனியில் சரியாக வெட்டாத கத்தரி இருந்தால் இறகை வெட்டும்போது நூலும் சேர்ந்து போகும், பத்து நிமிட வேலை வீண். அதை வைத்து வேறு எதையும் வெட்டவும் விடாதீர்கள். என் கத்தரியால் வீட்டில் யாரோ மசாலா பாக்கெட் வெட்டிய நாளிலிருந்து அதற்குத் தனி உறை போட்டு வைத்திருக்கிறேன்.

வைஸ் மலிவானதே போதும். முள்ளை அசையாமல் பிடிக்கிறதா என்பது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். முள்ளை மாட்டி விரலால் கீழே அழுத்துங்கள், நழுவினால் வேண்டாம். எல்லாம் சேர்த்து விற்கும் பெட்டிகளை வாங்காதீர்கள். அதில் இருக்கும் பாதி இறகு நம் மீன்களுக்கு உதவாது.

வைஸ் இல்லாமல் கட்டவே முடியாதா?

முடியும். ஜப்பானின் மலை ஆறுகளில் தென்கரா என்ற முறையில் மீன் பிடித்தவர்கள் விரலிடுக்கில் முள்ளைப் பிடித்தே கட்டினார்கள். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படித்தான். ஆனால் கற்கும்போது இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும்.

முதலில் எந்த ஃபிளையைக் கட்டலாம்?

கிளௌசர் மின்னோ. தயங்காமல் சொல்வேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பாப் கிளௌசர் 1980களில் தன் ஊர் ஆற்று பாஸ் மீன்களுக்காகக் கட்டியது. முள், நூல், கனமான இரட்டைக் கண் (டம்பெல் வடிவ உலோகத் துண்டு), இரண்டு நிற மான்வால் முடி, கொஞ்சம் பளபளப்பு. அவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகக் கட்டத் தெரிந்துவிட்டால், கையில் பாதித் தொழில் வந்துவிட்டது.

முள்ளின் வளைவை வைஸில் பிடியுங்கள். தண்டு படுக்கைமட்டமாக இருக்கட்டும். நூலை முள்ளின் காதுக்கு (நரம்பு கட்டும் ஓட்டை) சற்றுப் பின்னால் தொடங்கி, நமக்கு எதிர்ப்பக்கமாக மேலே போய்க் கீழ்வழியாக நம்மிடம் திரும்பும்படி சுற்றுங்கள். தண்டின் பாதிவரை நெருக்கமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். வழவழப்பான கம்பியின் மேல் எதுவும் நிற்காது. நூலின் மேல்தான் நிற்கும்.

காதிலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரட்டைக் கண்ணைத் தண்டின் மேலே குறுக்காக வைத்து, எட்டுப் போடுவதுபோல மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்று. பிறகு கண்ணுக்கும் தண்டுக்கும் நடுவில் நூலை வட்டமாகக் கொண்டுபோய் நாலைந்து முறை இறுக்குங்கள். இந்த வட்டச் சுற்றுதான் எட்டுச் சுற்றை எல்லாம் சேர்த்துக் கவ்விப் பிடிக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வீச்சிலேயே கண் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு ஆறவிடுங்கள்.

இப்போது வெள்ளை முடி. தீக்குச்சிப் பருமன், தண்டைப்போல் இரண்டரை மடங்கு நீளம். அடியில் இருக்கும் குட்டை முடியையும் பஞ்சையும் ஊசியால் வாரி எடுத்துவிடுங்கள். கண்ணுக்கு முன்னால் கட்டி, இரண்டு கண்ணுக்கும் நடுவே பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குப் பின்னாலும் ஒரு கட்டு. நூலை மறுபடி முன்னால் கொண்டுவாருங்கள்.

முள்ளைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். கனமான கண் இப்போது கீழே, முள்நுனி மேலே. தண்ணீரிலும் இது இப்படியேதான் போகும், அதனால் அடியில் இருக்கும் கல்லிலும் செடியிலும் அவ்வளவாகச் சிக்காது. பளபளக்கும் இழை நாலைந்து, அதன் மேல் பச்சையோ பழுப்போ இன்னொரு தீக்குச்சி அளவு முடி. இதைக் கண்ணுக்கு முன்னால் மட்டும் கட்டினால் போதும். தலையைக் கூம்பாக நூலால் மூடி, முடிச்சுப் போட்டுப் பசை தடவுங்கள்.

கட்டி முடித்தால் 'இவ்வளவுதானா, முடியே இல்லையே' என்று தோன்றும். தோன்ற வேண்டும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோரும் (நானும்தான்) அள்ளி அள்ளி முடி வைப்போம். ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்: முடிக்கு நடுவே எதிர்ப்பக்கம் தெரிந்தால் அது குட்டி மீன். தெரியாவிட்டால் அது பெயிண்ட் பிரஷ்.

எத்தனை கட்டினால் கை பழகும்?

ஒரே ஃபிளையை இருபது முறை கட்டுங்கள். பத்து வகையை இரண்டிரண்டு முறை கட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் படியாது. இருபதையும் வரிசையாக ஒரு தெர்மோகோல் துண்டில் குத்திவைத்துப் பார்த்தால் ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவே ஏதோ மாறியிருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. இல்லாவிட்டால் எல்லாம் தளர்ந்துபோகிறது. என்ன செய்ய?

நடுவில் ஓர் இறுக்கம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, ஆனால் அதற்கு வழி காட்டலாம்.

என் அம்மா பூக்கட்டுவார். தேக்காவில் மல்லிகை உதிரியாக வாங்கிவந்து, ஈரத்துணியில் போட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து விரலிலேயே கட்டுவார். சின்ன வயதில் நான் கட்ட முயன்றபோது என் பூக்களெல்லாம் காம்பு அறுந்து விழுந்தன. அம்மா நாரை என் விரலில் சுற்றி இழுத்து, "வலிக்குதா? வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்து" என்றார். பல வருடம் கழித்து ஃபிளை கட்டும்போது எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான்.

இப்படிச் செய்யுங்கள். வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, வேண்டுமென்றே அறும்வரை மெதுவாக இழுங்கள். பத்து முறை. எந்த இடத்தில் அறுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்பதுதான் கட்டும் இறுக்கம். பாபினைச் சுருளோடு சேர்த்து உள்ளங்கையில் பிடித்து, சுருள் சுழல்வதை விரலால் மெல்லத் தடுத்துக்கொண்டே சுற்றினால் இறுக்கம் சீராக வரும்.

அப்படியும் அறுந்தால் பாபின் குழாயின் வாயைப் பாருங்கள். மலிவானவற்றில் பிசிறு இருக்கும், அது நூலை அரம் போல அறுக்கும். பஞ்சை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். நார் ஒட்டினால் குற்றம் உங்கள் கையில் இல்லை.

நூல் வாங்கும்போது சுருளில் 70, 140, 210 என்று டெனியர் போட்டிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். தொடங்குபவருக்கு 140 நல்லது. தையல் நூலால் கட்டலாமா என்று கேட்பார்கள். கட்டலாம், ஆனால் அது முறுக்கிய நூல். உருண்டையாகவே இருந்து தலை பெருத்துவிடும். ஃபிளை நூல் பட்டையாகப் படுத்துக்கொள்ளும்.

முதல் மீனிலேயே ஃபிளை பிரிந்துவிட்டது, ஏன்?

முடிச்சுதான் காரணமாக இருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஏழு மணி தாண்டியிருக்கும். என் கையால் கட்டியதை ஒரு பீக்காக் பாஸ் முதன்முறையாக எடுத்தது. கைநீளம்கூட இல்லை, ஆனால் கம்பு வளைந்த வளைவும் அந்த ஆரஞ்சு வயிறு தண்ணீருக்குள் திரும்பியதும் இன்றும் கண்ணில் இருக்கிறது. மீனை விட்டுவிட்டு மறுபடி வீசினேன். இன்னொன்று துரத்தி வந்து, கிட்டே வந்ததும் திரும்பிப் போய்விட்டது. இன்னும் ஒன்று. அதுவும் திரும்பியது. எடுத்துப் பார்த்தால் முள்ளில் இரண்டு கண் மட்டும் இருக்கிறது, முடியெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மலாய் அங்கிள் எட்டிப் பார்த்து, "போட்டாக் போட்டாக்" என்று சிரித்தார். மொட்டை என்று அர்த்தம்.

நான் கடைசியில் இரண்டு சாதாரணச் சுருக்கு மட்டும் போட்டு, பசையும் தடவாமல் விட்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து விப் ஃபினிஷ் என்ற முடிச்சை மட்டும் வெறும் முள்ளில் ஒரு மணி நேரம் போட்டுப் பழகினேன். நூலின் நுனி, அதன்மேல் சுற்றப்பட்ட ஐந்தாறு சுற்றுக்கு அடியிலேயே போய் ஒளிந்துகொள்வதுதான் அந்த முடிச்சு. அதற்கென்று கருவி விற்கிறது, விரலாலும் போடலாம். அது கைவரும்வரை பழைய பால்பாயின்ட் பேனாவின் குழாயில் நூலைச் சுற்றி முள்ளின் காதில் தள்ளிச் சுருக்குப் போடுங்கள், ஆனால் இரண்டு போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். மேலே நிறமில்லா நகப்பூச்சு இரண்டு தடவை.

முள் எண்கள் குழப்புகின்றன.

எண் கூடினால் முள் சிறிது: 12 என்பது 6ஐவிடச் சின்னது. 1க்கு அப்புறம் 1/0, 2/0 என்று ஆரம்பிக்கும். அங்கே எண் கூடினால் முள் பெரிது. திலாப்பியாவுக்கு 10, பீக்காக் பாஸுக்கு 4 அல்லது 2, தோமனுக்கு 2/0 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் இங்கே எங்கே கிடைக்கும்?

மான்வாலும் முள்ளும் மட்டும் இணையத்தில் வாங்குங்கள். மற்றவற்றுக்குச் சுற்றிப் பாருங்கள். பழைய அக்கம்பக்கச் சாமான் கடைகளில் சேவல் இறகால் செய்த தூசு தட்டும் துடைப்பம் தொங்கும். சீன வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பொருள். அதில் செம்பழுப்பும் கறுப்புமாய் மினுங்கும் இறகுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு துடைப்பம் வாங்கினால் ஒரு வருடம் ஓடும்.

பொம்மைக்கும் உடைக்கும் பயன்படும் செயற்கை ரோமத்துணி கைவினைக் கடையில் கிடைக்கும். மான்வாலுக்குப் பதில் நன்றாகவே உழைக்கும், தண்ணீரில் அதைவிட மென்மையாக அசையும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த நுரையை வெட்டித்தான் நான் மிதக்கும் ஃபிளைக்குத் தலை வைக்கிறேன். அடையாள அட்டை மாட்டும் குண்டுச் சங்கிலி இருக்கிறதே, அதில் இரண்டிரண்டு குண்டாக வெட்டினால் எடை குறைந்த கண்கள் தயார். ஆழமில்லாத கரையோரத்துக்குக் கடைக் கண்ணைவிட இதுவே மேல், மெதுவாக இறங்கும்.

நாரை இறகு என்ற பொருளில் மராபூ என்று விற்பது இன்று நாரையுடையது இல்லை, வான்கோழியுடையது. காய்ந்திருக்கும்போது பஞ்சு, நனைந்ததும் உயிர் வந்த மாதிரி துடிக்கும். அதை வைத்துக் கட்டும் வூலி பக்கர்தான் நான் இரண்டாவதாகப் பழகச் சொல்லும் ஃபிளை.

ஊருக்குப் போகும்போது காட்டுக்கோழி இறகு, மயிலிறகு கொண்டுவரலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

இதில் நமக்கு நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் சால்மன் மீனுக்கு அலங்காரமாய்க் கட்டிய பழைய ஃபிளைகளில், பக்கவாட்டில் கண்போல வைக்க அவர்கள் மிகவும் விரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. ஒவ்வோர் இறகின் நுனியிலும் மெழுகுச் சொட்டு விழுந்தது போல ஒரு மஞ்சள் வெள்ளைப் பொட்டு. அந்த ஆசையில் அந்தப் பறவைகள் ஏராளமாய்ச் செத்தன. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. மயிலிறகை ஏற்றுமதி செய்யவும் அங்கே தடை. இங்கேயும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பாகங்களை அனுமதியில்லாமல் கொண்டுவருவது குற்றம். பறவை இறகு எதுவானாலும் பெட்டியில் வைப்பதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

இறகு ஆசை எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 2009 நல்ல உதாரணம். இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இளைஞர் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார், ஃபிளை கட்டுபவர்களுக்கு விற்பதற்காக. அவற்றில் சில ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சேகரித்தவை. 1854 இல் சிங்கப்பூரில் வந்து இறங்கி, புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்துக்கொண்டிருந்தாரே, அதே வாலஸ். அங்கிருந்து தீவு தீவாகப் போய்ப் பறவைகளைச் சேர்த்தவர். திருடிய தோல்களில் பலவற்றின் சீட்டைக் கிழித்து, இறகு இறகாகப் பிய்த்து விற்றிருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில் கிடைத்த பறவை என்று அந்தச் சீட்டில்தான் இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து சாயம் போட்ட சேவல் இறகு தவிர வேறு எதற்கும் எனக்குக் கை நீளவில்லை. மீனுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

தோமனுக்கு என்ன கட்டுவது?

நுரைத் தலை வைத்த, தண்ணீர்மேல் 'பொளக்' என்று சத்தம் போடும் ஃபிளை. தோமன் காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன். வந்து போன வட்டத்துக்குச் சற்று முன்னால் போடுங்கள். பல் கத்தி மாதிரி. ஃபிளைக்கு முன்னால் தடித்த நரம்போ கம்பியோ ஒரு சாண் இல்லாவிட்டால் ஃபிளை அதன் வாயோடு போய்விடும், அதற்கும் கேடு. கட்டும்போது நூலை மட்டும் நம்பிவிடாமல் ஒவ்வொரு கட்டுக்கும் பசை.

ஒரு வேண்டுகோள். சிவப்பாய்க் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிப்பது போலத் தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே வீசினால் நிச்சயம் கடிக்கும், கோபத்தில். அதைப் பிடித்து வெளியே எடுத்த அந்த நேரத்தில் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். தாண்டிப் போய்விடுங்கள்.

எங்கே போகலாம்? பின்னால் ஆள் நடமாட்டம் இருக்குமே?

பொதுப் பயனீட்டுக் கழகம் மீன்பிடிக்க அனுமதித்து அடையாளம் போட்ட இடங்களில் மட்டும். பிடோக், லோயர் சிலேத்தார், பாண்டான், ஜூரோங் ஏரி என்று பல இடங்களில் உண்டு. எங்கிருந்து எங்கே வரை என்று பலகையில் போட்டிருக்கும், ஐம்பது அடி தள்ளினாலும் அபராதம் வரலாம்.

ஆள் நடமாட்டம் உண்மையான பிரச்சினை. வீசும்போது லைன் முன்னால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் நமக்குப் பின்னாலும் போகும்; அங்கே மெதுவோட்டக்காரரும் சைக்கிளும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் திரும்பிப் பாருங்கள். ஒரு முறை பார்த்துவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள். பின்னால் வீசாமல், தண்ணீரில் கிடக்கும் லைனையே உருட்டி முன்னால் தள்ளும் ரோல் காஸ்ட்டைப் பழகினால் நம் ஊருக்கு மிகவும் பயன்படும். அதற்கேற்பக் கட்டுவதும் மாறும்: கனமான கண் வைத்தால் ரோல் காஸ்ட்டில் எழாது, குண்டுச் சங்கிலிக் கண் எழும்.

முள்நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை, கட்டுவதற்கு முன்பே குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனை விடுவது சுலபம்; யார்மேலாவது பட்டாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும். கட்டி முடித்தபின் அழுத்தினால் சில சமயம் முள் உடைந்து உழைப்பெல்லாம் போகும், அதனால்தான் முன்பே. இடி இடித்தால் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள், கையில் இருப்பது மின்சாரம் பாயும் கார்பன் கம்பு.

இங்கே இருக்கும் ஈரப்பதத்தில் இறகு கெட்டுப் போகாதா?

போகும். பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும், முள் துருப்பிடிக்கும். காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம். புதிதாக வரும் இறகை இரண்டு பையில் கட்டி ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்து, ஒரு நாள் வெளியே வைத்து, மறுபடி ஒரு வாரம் வைத்தபிறகே மற்றவற்றோடு சேர்ப்பேன். நனைந்த ஃபிளையை அன்றைக்கே பெட்டியில் மூடினால் எல்லா முள்ளும் துருவேறும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே.

கடையில் வாங்குவதைவிடக் கட்டினால் மிச்சமா?

இல்லை. பொருள் சேர்க்கும் ஆசை வந்துவிட்டால் வெள்ளி கரைந்துவிடும். கணக்குப் பார்த்து இதற்கு வராதீர்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

எட்டு வயதிலிருந்து தாராளமாக. முனையை நறுக்கிவிட்ட பெரிய முள்ளில் தொடங்குங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், சூப்பர் குளூ உங்கள் கையில் மட்டும். நிறத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். என் மகள் ஊதாவும் ரோஸும் கலந்து ஒன்று கட்டினாள். இயற்கையில் அப்படி ஒரு மீன் இல்லையே என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு பீக்காக் பாஸ் வந்தது. இப்போது என் பெட்டியில் ஒரு வரிசை ஊதா இருக்கிறது.

ஐம்பது தாண்டிவிட்டது, வெள்ளெழுத்து. இனிமேல் முடியுமா?

முடியும். மேசை விளக்கை உங்கள் தோளுக்குப் பின்னால் வைக்காமல், முள்ளுக்கு மேலே இடப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். வைஸுக்குப் பின்னால் வெளிர்நீலத் தாள் ஒன்றை நிறுத்திவையுங்கள். வெள்ளை முடியும் கறுப்பு நூலும் இரண்டுமே அதில் எடுப்பாகத் தெரியும். கண்ணாடிக் கடையில் படிக்கும் கண்ணாடி வாங்கும்போது, நாளிதழ் தூரத்துக்குப் பார்க்காமல் உங்கள் வைஸ் இருக்கும் தூரத்தை அளந்து சொல்லிக் கேளுங்கள். முள் 2இல் ஆரம்பியுங்கள். கறுப்புக்குப் பதில் சிவப்பு நூல் எடுங்கள், சுற்று ஒவ்வொன்றும் தெரியும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சன்னல் வழியாகத் தூரத்துப் புளோக்கைப் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள்.